நீட் வேதியியல்: தனிம வரிசை அட்டவணையை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்வது எப்படி? அந்தமான் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்ரீ விஜயபுரம்: மருத்துவப் படிப்புகளுக்கான நீட் நுழைவுத் தேர்வில் வேதியியலுக்கு 45 வினாக்கள், 180 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அந்தப் பாடத்தின் அடித்தளமாக விளங்கும் தனிம வரிசை அட்டவணையை, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மாணவர்கள் தற்போது 11-ஆம் வகுப்பில்தான் முழுப் பாடமாகப் படிக்கத் தொடங்குகின்றனர். 118 தனிமங்களையும் ஒப்பிக்க முயல்வதைவிட, அட்டவணையை இயக்கும் மூன்று காரணங்களைப் புரிந்துகொள்வதே குறுகிய காலத்தில் கூடுதல் பயன் தரும். அதற்கான விளக்கம் இங்கே தொகுத்து வழங்கப்படுகிறது.

10-ஆம் வகுப்பில் நீக்கப்பட்ட பாடம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சிபிஎஸ்இ-யின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. அங்கு என்சிஇஆர்டி பாடநூல்களே பயன்பாட்டில் உள்ளன. பாடச்சுமையைக் குறைக்கும் நடவடிக்கையின் ஒரு பகுதியாக, 10-ஆம் வகுப்பு அறிவியல் பாடநூலில் இருந்த தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு குறித்த பாடம், 2023-24 கல்வியாண்டுக்கான பதிப்பில் இடம்பெறவில்லை. கல்வியாளர்கள் பலர் இதனை விமர்சித்தபோது, அப்பாடம் 11-ஆம் வகுப்பில் விரிவாக உள்ளது என விளக்கம் அளிக்கப்பட்டது.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் நிலைமை வேறு. அங்கு 10-ஆம் வகுப்பிலும் 11-ஆம் வகுப்பிலும் இப்பாடம் உள்ளது. இதனால், ஒரே நுழைவுத் தேர்வை எழுதும் இரு மாணவர்களில் ஒருவர் இப்பாடத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை படித்திருப்பார். மற்றவர் ஒரு முறைதான் படித்திருப்பார்.

மற்றொரு மாற்றமும் கவனிக்கத்தக்கது. 2024-ஆம் ஆண்டு நீட் பாடத்திட்டத்தில் ஹைட்ரஜன், எஸ் பிளாக் தனிமங்கள் ஆகிய தனிப் பாடங்கள் நீக்கப்பட்டன. எனினும் ஆவர்த்தனப் பண்புகள் குறித்த பாடம் தொடர்கிறது. சோடியம், மக்னீசியம் போன்ற தனிமங்களைப் பற்றிய வினாக்கள் இனி பெரும்பாலும் இந்தப் பாடத்தின் வழியாகவே வரக்கூடும் என்பதால், இதன் முக்கியத்துவம் கூடியுள்ளது.

தீவுகளில் மருத்துவக் கல்வி

கடந்த 2015-ஆம் ஆண்டு அந்தமான் நிக்கோபார் தீவுகள் மருத்துவ அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுவரை இத்தீவுகளின் மாணவர்கள் மருத்துவம் பயில, கடல் கடந்து சென்னை, கொல்கத்தா உள்ளிட்ட நகரங்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. இரு நகரங்களும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஜி.பி.பந்த் மருத்துவமனையுடன் இணைந்த இந்நிறுவனம் 100 எம்பிபிஎஸ் இடங்களுடன் தொடங்கியது. போர்ட் பிளேர் என அழைக்கப்பட்ட தலைநகருக்கு 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

கல்லூரி உள்ளூரிலேயே அமைந்துவிட்டாலும் நுழைவுத் தேர்வு நாடு முழுமைக்கும் பொதுவானது. கிரேட் நிக்கோபாரில் உள்ள கேம்பல் பே, தலைநகரிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இத்தகைய தொலைதூரத் தீவுகளில் பயிலும் மாணவருக்குப் பாடநூலே முதன்மைத் துணை. தனிம வரிசை அட்டவணையைப் பொறுத்தவரை அந்தப் பாடநூல் போதுமானது. அதைப் படிக்கும் முறைதான் முக்கியம்.

அட்டவணை உருவான வரலாறு

ரஷ்ய வேதியியலாளர் திமித்ரி மெண்டலீவ் 1869-ஆம் ஆண்டு தமது அட்டவணையை வெளியிட்டபோது அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63 மட்டுமே. அவற்றை அணு நிறையின் ஏறுவரிசையில் அடுக்கிய அவர், பண்புகள் ஒத்துவராத இடங்களைக் காலியாக விட்டார். அங்கு வரவேண்டிய தனிமங்களின் பண்புகளையும் முன்கூட்டியே கணித்தார். அவற்றுக்கு ‘ஏகா அலுமினியம்’, ‘ஏகா சிலிக்கான்’ எனப் பெயரிட்டார். ‘ஏக’ என்பது ஒன்று எனப் பொருள்படும் சமஸ்கிருதச் சொல். 1875-இல் காலியமும் 1886-இல் ஜெர்மானியமும் கண்டறியப்பட்டு, அவரது கணிப்பை உறுதிப்படுத்தின.

பின்னர் 1913-ஆம் ஆண்டு ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி, எக்ஸ் கதிர் ஆய்வுகளின் மூலம் அணு நிறையைவிட அணு எண்ணே அடிப்படையானது என நிறுவினார். தனிமங்களின் பண்புகள் அவற்றின் அணு எண்களைச் சார்ந்து, குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருகின்றன என்பதே நவீன ஆவர்த்தன விதி. மெண்டலீவ் எதன் அடிப்படையில் அடுக்கினார், மோஸ்லி எதை மாற்றினார் என்னும் இரண்டு செய்திகளும் நேரடி வினாக்களாக வரக்கூடியவை.

வரிசை, தொகுதி, பிளாக்

இன்றைய அட்டவணையில் 7 கிடைமட்ட வரிசைகளும் 18 செங்குத்துத் தொகுதிகளும் உள்ளன. வரிசைகளில் முறையே 2, 8, 8, 18, 18, 32, 32 தனிமங்கள் இடம்பெறுகின்றன. ஒரு தனிமம் எந்த வரிசையில் உள்ளதோ, அந்த எண்ணே அதன் வெளிக்கூட்டின் எண்ணாகும். ஒரே தொகுதியில் உள்ள தனிமங்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான் அமைப்பு ஒத்திருப்பதால் அவற்றின் வேதிப்பண்புகளும் பெரும்பாலும் ஒத்திருக்கும்.

கடைசி எலக்ட்ரான் எந்த வகை ஆர்பிட்டாலில் நுழைகிறதோ, அதன் அடிப்படையில் தனிமங்கள் எஸ், பி, டி, எஃப் என நான்கு பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றன. தமிழ்ப் பாடநூல்கள் இவற்றையும் ‘தொகுதி’ என்றே குறிப்பிடுவதால், குழப்பத்தைத் தவிர்க்க இக்கட்டுரையில் இவை ‘பிளாக்’ எனக் குறிக்கப்படுகின்றன. 1, 2-ஆம் தொகுதிகள் எஸ் பிளாக். 3 முதல் 12 வரை டி பிளாக். 13 முதல் 18 வரை பி பிளாக். அட்டவணைக்குக் கீழே தனியாக வைக்கப்பட்டுள்ள லாந்தனைடுகளும் ஆக்டினைடுகளும் எஃப் பிளாக். ஹீலியத்தின் எலக்ட்ரான்கள் எஸ் ஆர்பிட்டாலில் இருந்தாலும், நிறைவுற்ற கூட்டின் காரணமாக அது 18-ஆம் தொகுதியில் வைக்கப்பட்டுள்ளது.

ஏழு எண்கள் போதும்

அணு எண்ணைக் கொடுத்து, அத்தனிமம் எந்த வரிசையில், எந்தத் தொகுதியில் உள்ளது எனக் கேட்பது பழக்கமான வினா வகை. இதற்கு 118 இடங்களையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. 2, 10, 18, 36, 54, 86, 118 ஆகிய ஏழு அணு எண்கள் போதும். இவை ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் உள்ள 18-ஆம் தொகுதித் தனிமங்களின் அணு எண்கள்.

* அணு எண் 38: இது 36-ஐவிட 2 கூடுதல். நான்காம் வரிசை 36-இல் முடிந்துவிட்டதால் இது ஐந்தாம் வரிசை, 2-ஆம் தொகுதி. தனிமம் ஸ்ட்ரான்சியம்.

* அணு எண் 26: இது 18-ஐவிட 8 கூடுதல். எனவே நான்காம் வரிசை, 8-ஆம் தொகுதி. தனிமம் இரும்பு.

* அணு எண் 51: இது 54-ஐவிட 3 குறைவு. 18-இலிருந்து 3-ஐக் கழித்தால் 15. எனவே ஐந்தாம் வரிசை, 15-ஆம் தொகுதி. தனிமம் ஆண்டிமனி.

* அணு எண் 79: இது 54-ஐவிட 25 கூடுதல். ஆறாம் வரிசையில் எஃப் ஆர்பிட்டால்களில் நிரம்பும் 14 எலக்ட்ரான்களைக் கழித்தால் 11. எனவே ஆறாம் வரிசை, 11-ஆம் தொகுதி. தனிமம் தங்கம்.

வரிசையின் தொடக்கத்துக்கு அருகில் உள்ள தனிமத்துக்கு முந்தைய மந்த வாயுவிலிருந்து கூட்டுவதும், முடிவுக்கு அருகில் உள்ளதற்கு அடுத்த மந்த வாயுவிலிருந்து கழிப்பதும் எளிது. 57 முதல் 71 வரையும் 89 முதல் 103 வரையும் உள்ள அணு எண்களுக்கு மட்டும் இம்முறையை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அவை லாந்தனம், ஆக்டினியம் ஆகியவற்றில் தொடங்கும் வரிசைகளைச் சேர்ந்தவை.

இதுவரை கண்டறியப்படாத அணு எண் 120 கொண்ட தனிமத்தின் பெயர் குறித்த வினா என்சிஇஆர்டி பாடநூலிலேயே உள்ளது. ஒன்றுக்கு ‘அன்’, இரண்டுக்கு ‘பை’, சுழியத்துக்கு ‘நில்’ என இலக்கங்களை அடுக்கினால் ‘அன்பைநிலியம்’ என்ற பெயர் கிடைக்கும். 118-ஐவிட 2 கூடுதல் என்பதால் அது 2-ஆம் தொகுதியில் அமையும்.

மூன்று காரணங்கள்

அணு ஆரம், அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் நாட்டம் ஆகியவை அட்டவணையில் எவ்வாறு மாறுகின்றன என்பதைத் தனித்தனி விதிகளாக மனப்பாடம் செய்யும் மாணவர்கள், தேர்வு நேரத்தில் ஏறுமுகத்தையும் இறங்குமுகத்தையும் மாற்றி எழுதிவிடுவது உண்டு. உண்மையில் இவை அனைத்தும் மூன்று காரணங்களிலிருந்து பிறக்கின்றன.

முதலாவது, அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. அது கூடினால் எலக்ட்ரான்கள் மீதான ஈர்ப்பும் கூடும். இரண்டாவது, கூடுகளின் எண்ணிக்கை. அது கூடினால் வெளி எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து விலகிச் செல்லும். மூன்றாவது, மறைத்தல் விளைவு. உள்கூடுகளில் உள்ள எலக்ட்ரான்கள், அணுக்கருவின் ஈர்ப்பு வெளி எலக்ட்ரானை முழுமையாக எட்டாதபடி தடுக்கின்றன. இத்தடுப்புக்குப் பின் எஞ்சுவதே செயலுறு அணுக்கரு மின்சுமை.

ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது புரோட்டான்கள் கூடுகின்றன. கூடுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. எனவே அணு சுருங்குகிறது. எலக்ட்ரானை நீக்குவது கடினமாகிறது. ஒரு தொகுதியில் மேலிருந்து கீழாகச் செல்லும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு கூடு சேர்கிறது. எனவே அணு பெரிதாகிறது. எலக்ட்ரானை நீக்குவது எளிதாகிறது.

அயனிகளுக்கும் இதே காரணங்கள் பொருந்தும். சோடியம் அணுவின் ஆரம் 186 பிக்கோமீட்டர். ஓர் எலக்ட்ரானை இழந்தால் வெளிக்கூடே இல்லாமல் போவதால், சோடியம் அயனியின் ஆரம் 95 பிக்கோமீட்டராகக் குறைகிறது. புளூரின் அணுவின் ஆரம் 64 பிக்கோமீட்டர். ஓர் எலக்ட்ரானை ஏற்றதும் எலக்ட்ரான்களுக்கிடையேயான விலக்கம் கூடி, புளூரைடு அயனியின் ஆரம் 136 பிக்கோமீட்டராக உயர்கிறது.

ஆக்சைடு, புளூரைடு, சோடியம், மக்னீசியம் அயனிகளை ஆரத்தின்படி வரிசைப்படுத்தும் வினாவும் இதே வகையைச் சேர்ந்தது. நான்கிலும் 10 எலக்ட்ரான்களே உள்ளன. புரோட்டான்கள் மட்டும் முறையே 8, 9, 11, 12. ஈர்ப்பு குறைவாக உள்ள ஆக்சைடு அயனியே பெரியது. மக்னீசியம் அயனியே சிறியது.

கடல்நீர் காட்டும் அட்டவணை

தீவுகளைச் சூழ்ந்துள்ள கடலே இப்பாடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டாக அமைகிறது. ஒரு கிலோகிராம் கடல்நீரில் உலகச் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் குளோரைடு சுமார் 19 கிராம். சோடியம் சுமார் 11 கிராம். மக்னீசியம் சுமார் 1.3 கிராம். கால்சியமும் பொட்டாசியமும் ஒவ்வொன்றும் சுமார் 0.4 கிராம் உள்ளன. புரோமைடு 0.07 கிராமுக்கும் சற்றுக் குறைவு.

சோடியமும் பொட்டாசியமும் 1-ஆம் தொகுதி. மக்னீசியமும் கால்சியமும் 2-ஆம் தொகுதி. குளோரினும் புரோமினும் 17-ஆம் தொகுதி. அதாவது, இத்தனிமங்கள் அனைத்தும் அட்டவணையின் இரு ஓரங்களைச் சேர்ந்தவை. இடது ஓரத்தில் அயனியாக்கும் ஆற்றல் குறைவு என்பதால் அத்தனிமங்கள் எலக்ட்ரானை எளிதில் இழக்கின்றன. வலது ஓரத்தில் ஹாலஜன்கள் எலக்ட்ரானை எளிதில் ஏற்கின்றன. ஆகவே இவை இயற்கையில் தனித்த தனிமங்களாக இல்லாமல், அயனிகளாகக் கடலில் கரைந்துள்ளன.

தீவுகளின் பவளப்பாறைகளும் பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளும் 2-ஆம் தொகுதியைச் சேர்ந்த கால்சியத்தின் கார்பனேட்டால் ஆனவை. நண்டுகளின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோசயனினில் தாமிரம் உள்ளது. மனித இரத்தத்தின் ஹீமோகுளோபினில் இரும்பு உள்ளது. இவ்விரு உலோகங்களும் டி பிளாக்கைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு மேற்பட்ட ஆக்சிஜனேற்ற நிலைகளைக் கொள்வது அந்தப் பிளாக்கின் முக்கியப் பண்பாகும்.

விதிவிலக்குகளில்தான் மதிப்பெண்

பொதுவான போக்கை அறிந்தவர்கள் பலர் இருப்பதால், நுழைவுத் தேர்வுகள் விதிவிலக்குகளையே பெரிதும் நாடுகின்றன. ஒவ்வொரு விதிவிலக்குக்கும் காரணம் உண்டு.

* பெரிலியம், போரான்: போரானின் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 801 கிலோஜூல், அதற்கு முன்னுள்ள பெரிலியத்துக்கு 899. போரானில் நீக்கப்படுவது பி ஆர்பிட்டாலில் உள்ள எலக்ட்ரான். அது எஸ் ஆர்பிட்டால் எலக்ட்ரானைவிட எளிதில் நீங்கும்.

* நைட்ரஜன், ஆக்சிஜன்: நைட்ரஜனுக்கு 1,402, ஆக்சிஜனுக்கு 1,314. நைட்ரஜனின் பி ஆர்பிட்டால்கள் சரிபாதி நிரம்பி நிலைத்தன்மையுடன் உள்ளன. ஆக்சிஜனில் ஓர் ஆர்பிட்டாலில் இரு எலக்ட்ரான்கள் இணைவதால் அவற்றிடையே விலக்கம் உண்டாகிறது. எனவே இரண்டாம் வரிசையின் சரியான ஏறுவரிசை: லித்தியம், போரான், பெரிலியம், கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன், புளூரின், நியான்.

* புளூரின், குளோரின்: எலக்ட்ரானை ஏற்கும்போது அதிக ஆற்றலை வெளியிடுவது புளூரின் அன்று, குளோரினே. புளூரினுக்கு மோலுக்கு 328 கிலோஜூல், குளோரினுக்கு 349. புளூரின் மிகச் சிறிய அணு என்பதால், வரும் எலக்ட்ரானை ஏற்கெனவே உள்ள எலக்ட்ரான்கள் விலக்குகின்றன. ஆனால் எலக்ட்ரான் கவர்தன்மையில் முதலிடம் புளூரினுக்கே. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

* அலுமினியம், காலியம்: தொகுதியில் கீழே இருந்தும் காலியத்தின் அணு ஆரம் 135 பிக்கோமீட்டர், மேலே உள்ள அலுமினியத்துக்கு 143. இடையில் நிரம்பிய டி எலக்ட்ரான்கள் அணுக்கரு மின்சுமையைச் சரிவர மறைக்காததே காரணம்.

* சிர்கோனியம், ஹாஃப்னியம்: முறையே 160, 159 பிக்கோமீட்டர். இங்கு எஃப் எலக்ட்ரான்களின் மறைத்தல் விளைவு மிகக் குறைவு. இதுவே லாந்தனைடு குறுக்கம்.

எண்களைக் கொண்டு விடை காணல்

ஒரு தனிமத்தின் முதல் மூன்று அயனியாக்கும் ஆற்றல்கள் மோலுக்கு 738, 1,451, 7,733 கிலோஜூல் எனில், அது எந்தத் தொகுதி? இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் இடையே ஐந்து மடங்குக்கு மேல் உயர்வு உள்ளது. இரண்டு எலக்ட்ரான்கள் நீங்கிய பின், மூன்றாவது எலக்ட்ரானை நிறைவுற்ற உள்கூட்டிலிருந்து எடுக்க வேண்டியுள்ளது என்பதே இதன் பொருள். எனவே வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள். விடை 2-ஆம் தொகுதி. தனிமம் மக்னீசியம்.

ஆக்சைடுகளின் தன்மையும் இடத்தைப் பொறுத்தே அமைகிறது. இடது ஓரத்தில் உள்ள சோடியத்தின் ஆக்சைடு காரத்தன்மை கொண்டது. வலப்புறத்தில் உள்ள குளோரினின் ஆக்சைடு அமிலத்தன்மை கொண்டது. நடுவில் உள்ள அலுமினியத்தின் ஆக்சைடு ஈரியல்பு கொண்டது. கார்பன் மோனாக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் நடுநிலையானவை. மேலும், லித்தியம் மக்னீசியத்தையும் பெரிலியம் அலுமினியத்தையும் பண்புகளில் ஒத்திருப்பது மூலைவிட்டத் தொடர்பு எனப்படுகிறது.

தமிழில் தேர்வு எழுதுவோர் கவனத்துக்கு

நீட் தேர்வு தமிழ் உட்பட 13 மொழிகளில் நடத்தப்படுகிறது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே இறுதியானதாகக் கொள்ளப்படும். எனவே தமிழில் எழுதும் மாணவர்கள் முக்கியக் கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தையும் அறிந்திருப்பது நல்லது. அயனியாக்கும் ஆற்றல் என்பது ‘அயனைசேஷன் என்தால்பி’. எலக்ட்ரான் கவர்தன்மை என்பது ‘எலக்ட்ரோநெகடிவிட்டி’. மறைத்தல் விளைவு என்பது ‘ஷீல்டிங் எஃபெக்ட்’. ‘எலக்ட்ரான் கெயின் என்தால்பி’ என வினாவில் இருந்தால் குறியையும் கவனிக்க வேண்டும். ஆற்றல் வெளிப்படும்போது அதன் மதிப்பு எதிர்க்குறியுடன் குறிக்கப்படும். ‘மிக அதிக எதிர்க்குறி மதிப்பு’ என்பதற்கும் ‘மிகக் குறைந்த மதிப்பு’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நிதானமாகப் படித்தே விடையளிக்க வேண்டும்.

சரியான விடைக்கு 4 மதிப்பெண்கள் வழங்கப்படுகின்றன. தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படுகிறது. ஆகவே ஒரு வினாவில் தடுமாறி எழுதும் தவறான விடையால் ஏற்படும் இழப்பு 5 மதிப்பெண்கள். விடை உறுதியாகத் தெரியாதபோதும், பொதுப் போக்கைக் கொண்டு நான்கு விருப்பங்களில் இரண்டை நீக்க முடிந்தால் சரியான விடையை எட்டும் வாய்ப்பு பாதியாக உயர்கிறது.

தயாராவது எப்படி?

முதல் வாரத்தில் வெற்றுத் தாளில் 7 வரிசைகளும் 18 தொகுதிகளும் கொண்ட கட்டத்தை நாள்தோறும் ஒருமுறை கையால் வரைந்து, முதல் 36 தனிமங்களை நிரப்பிப் பழகலாம். பின்னர் ஒவ்வொரு தொகுதியாக மற்ற தனிமங்களைச் சேர்க்கலாம். இரண்டாம் வாரத்தில் அதே கட்டத்தின் மேல் அணு ஆரம், அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் கவர்தன்மை ஆகியவற்றின் போக்கை அம்புக்குறிகளால் குறித்து, ஒவ்வோர் அம்புக்குறிக்கும் காரணத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். மூன்றாம் வாரத்தில் விதிவிலக்குகளை மட்டும் தனித் தாளில் காரணத்துடன் தொகுக்க வேண்டும். அதன் பின் என்சிஇஆர்டி பாட இறுதி வினாக்களையும் முந்தைய ஆண்டுகளின் நீட் வினாக்களையும் நேரம் வைத்துத் தீர்க்கலாம்.

காரணத்தை எழுத முடியாத அம்புக்குறி எதுவோ, அதுவே மீண்டும் படிக்க வேண்டிய பகுதி. அதற்குத் தேவையானவை ஒரு பாடநூலும் ஒரு தாளும் மட்டுமே. ஸ்ரீ விஜயபுரத்தில் இருப்பவருக்கும் கேம்பல் பேயில் இருப்பவருக்கும் அவை ஒரே அளவில் கிடைக்கின்றன.